தலையாட்டிய சம்மதம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கேள்வி கேட்கத்தான் தெரியும். பதிலைக் காதில் வாங்கத் தெரியாது. கேட்கிற வேகத்திலேயே பாதி தூரம் போய்விடுகிறார்கள். நாம் எச்சிலை விழுங்கி, "அது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் காரியத்தை முடித்து, அதற்கு நன்றியும் சொல்லிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட காலத்தில் உயிரோடு இருப்பதே ஒரு தொந்தரவு என்பது பம்புக்காரரின் கட்சி.

ஐம்பது வருடம் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்தவர். பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த தெருவில்கூட யாருக்கும் தெரியாது. பம்புக்காரர் என்றால் மூன்று தெரு தள்ளியும் வழி காட்டுவார்கள். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. யோசிக்காமல் வாயைத் திறக்கிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. ஒரு மோட்டாரைக் காட்டி "இது தேறுமா?" என்று கேட்டால், ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அதையே முறைத்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் "தேறாது" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஆட்கள் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

இப்போது வீட்டிலேயே காத்திருப்பதில்லை. மூன்று மாதமாக இந்தக் கூத்துதான். ஒரு நாள் காலையில் கண் விழித்தால் கூடத்துத் திரைச்சீலையெல்லாம் பச்சை நிறத்தில் தொங்கின. பச்சை அவருக்கு ஆகவே ஆகாது.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"உங்களைத்தான் கேட்டேன். சரின்னீங்களே," என்றாள் மனைவி.

"நான் எப்ப சொன்னேன்?"

"வாயால வேற சொல்லணுமா? தலையை ஆட்டினீங்க."

நாற்பத்தாறு வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் என்று அவர் மனசுக்குள் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் மகன் அவருடைய பழைய ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு வந்து நின்றான். கேட்டால் அவனும் அதையேதான் சொன்னான்: "நீங்கதானேப்பா தலையாட்டினீங்க." மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, துளை போடுகிற மெஷினைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனான். அதற்கும் அவர் தலையாட்டினாராம். குடும்பமே சேர்ந்து காதில் பூச்சுற்றுகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதற்காக என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

இதற்கு நடுவில் மூச்சு வேறு வாங்க ஆரம்பித்தது. மாடித் தொட்டிக்குப் போகிற ஏணியில் அஞ்சாவது படியிலேயே நின்று, வேடிக்கை பார்ப்பதுபோல் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியிருந்தது. படுத்தால் இரண்டு தலையணை வேண்டும், பிறகு மூன்று. இந்தக் காலத்துத் தலையணையில் பஞ்சே கிடையாது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மகள்தான் ஒரு நாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செருப்பை எடுத்து முன்னால் போட்டு, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நெஞ்சில் பசை மாதிரி எதையோ தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்து, திரையில் அவருடைய இதயத்தையே படமாக ஓட்டிக் காட்டினார்கள். பரிசோதித்த டாக்டர் சின்ன வயசு. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்: "ஐயா, இதயம்ங்கறது ஒரு பம்பு மாதிரி..."

"யார்கிட்ட?" என்றார் பம்புக்காரர்.

அதற்குப் பிறகு விஷயம் சுருக்கமாக முடிந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற பெரிய குழாயின் வாசலில் ஒரு வால்வு. அது சரியாக மூடவில்லை. வெளியே தள்ளின ரத்தத்தில் பாதி திரும்பி உள்ளேயே வந்து விழுகிறது. தள்ளினதையே திரும்பத் திரும்பத் தள்ளி இதயம் வீங்கிக்கிடக்கிறது.

"ஃபுட் வால்வு போயிடுச்சு," என்றார் பம்புக்காரர். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற வால்வு ஒழுகினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் நாள் முழுக்க ஓடும், தொட்டி நிறையாது. கடைசியில் மோட்டார் கருகிப்போகும்.

"கரெக்ட்டுங்க ஐயா. இப்படியே விட்டா இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷம். அதுக்கப்புறம் தசை தளர்ந்துடும். அப்ப வால்வை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. மாத்தறதுக்கு ரெண்டு வழி இருக்கு. நெஞ்சைத் திறந்து மாத்தறது ஒண்ணு. தொடையில சின்னத் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாவே புது வால்வைக் கொண்டுபோய் வைக்கறது இன்னொண்ணு. பெரிய டாக்டருங்க சொல்லுவாங்க."

சாவு பற்றிப் பம்புக்காரருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. தப்பான வேலையால் சாகக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். வேலை தெரியாதவன் கை வைத்து வீணாய்ப்போன மோட்டார்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மகன் குழாய்க் கட்சி. மகள் கத்திக் கட்சி. மனைவி, கடைசியாகப் பேசியவர் கட்சி. குழாய்க் கட்சிக்குத் தலைவராக மச்சினன் வந்து சேர்ந்தான். போன வருடம் அவனுக்கும் வால்வுதான் மாற்றினார்கள்; தொடை வழியாக. அன்றிலிருந்து அவனைப் பார்க்கப் போனவர்கள் யாரும் அந்தத் தழும்பைப் பார்க்காமல் திரும்பியதில்லை.

"மாமா, மூணாம் நாள் வீட்டுல இருந்தேன். மூணே நாள்! நாலாம் நாள் தலைக்குக் குளிச்சேன். இங்க பாருங்க, கொசு கடிச்ச மாதிரி இருக்கா?" என்று அவன் இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"மூடுடா. புள்ளைங்க இருக்கு."

"நெஞ்சைத் திறந்தா என்னாகும் தெரியுமா? ரம்பத்தால எலும்பை அறுப்பான். இதயத்தை நிறுத்திட்டு மெஷின்ல ரத்தத்தை ஓட்டுவான். திரும்பக் கம்பி போட்டுக் கட்டுவான். ரெண்டு மாசத்துக்கு இருமினா தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் இருமணும்."

"அந்தத் தோள்பட்டைக்குக் கீழ என்னடா புடைச்சிருக்கு?" என்றார் பம்புக்காரர். மச்சினனின் சட்டைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு மேடு தெரிந்தது.

"இதுவா? பேஸ்மேக்கர். துடிப்பு குறைஞ்சா தட்டி எழுப்பும்."

"அது எதுக்கு வச்சாங்க?"

"புது வால்வு உட்கார்ந்தப்ப பக்கத்துல இருந்த கரண்ட் வயரை லேசா அமுக்கிடுச்சாம். சில பேருக்கு அப்படி ஆகும்ன்னாங்க. அது கூடவே வந்துச்சு மாமா."

ஒரு வேலைக்குப் போய் இன்னொரு வேலையைச் சேர்த்துக்கொண்டு வருகிற மெக்கானிக்குகளைப் பற்றிப் பம்புக்காரருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. யோசித்தபடி மச்சினனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, மாமாவே ஒத்துக்கிட்டார்," என்றான் மச்சினன் அக்காவிடம்.

குழாய் டாக்டரைப் பார்க்கப் போன இடம் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. வாசலில் மீன் தொட்டி, மெத்தென்ற நாற்காலி, எங்கிருந்தோ மெல்லிசாகப் புல்லாங்குழல். நோயாளிகள் மட்டும் இல்லையென்றால் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை அறை என்று சொல்லிவிடலாம். குழாய் டாக்டரும் மாப்பிள்ளை போலத்தான் இருந்தார். கையில் விரலளவு கம்பி வலையால் ஆன ஒரு பொருள். அதற்குள் வெள்ளையாக மூன்று இதழ். அதைச் சுருக்கி ஒரு மெல்லிய குழாய்க்குள் நுழைத்து, மறுபக்கம் விரித்துக் காட்டினார். மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"கசிவுக்குன்னே செஞ்ச புது மாடல், ஐயா. ஒரு மணி நேர வேலை. மறுநாள் நடக்கலாம்."

பம்புக்காரர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை சுத்தமாக இருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"பழசை என்ன பண்ணுவீங்க?"

"எந்தப் பழசு?"

"கழட்டுன வால்வு. நான் ஒரு வாஷர் மாத்தினாக்கூடப் பழசை வீட்டுக்காரர் கையில குடுத்துட்டுத்தான் வருவேன். மாத்தினதுக்கு அதுதானே சாட்சி? இல்லாட்டி இவன் துடைச்சுட்டு அதையே போட்டுட்டான்னு சொல்லுவாங்க."

குழாய் டாக்டர் சிரித்தார். "இதுல பழசைக் கழட்டறதே இல்லைங்க ஐயா. அது உள்ளயே இருக்கும். புதுசு நடுவுல விரிஞ்சு பழசை ஓரமா ஒதுக்கிட்டு உட்கார்ந்துக்கும்."

பம்புக்காரர் கையிலிருந்த வால்வை மேசைமேல் வைத்தார். ஒழுகுகிற வால்வை உள்ளேயே விட்டுவிட்டு அதற்குள் இன்னொன்றைச் சொருகுவதா! அவரிடம் வேலை பழக வந்த யாராவது அப்படிச் செய்திருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று அடியிலிருந்து எழும்பி வந்தது: ஒதுக்கிவிட்டு உட்காருகிறது, சரி. எதைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது? அந்தக் கேள்விக்கு அவர் மனசுக்குள் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே டாக்டருக்கு போன் வந்து, அவர் எழுந்து போய், அந்த இடத்தில் ஓர் ஆலோசகர்ப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் கையில் ஒரு தட்டையான கம்ப்யூட்டர். முகத்தில் வாங்கி மாட்டியது போல் ஒரு சிரிப்பு. "அங்கிள், நான் சொல்றேன், நீங்க கேட்டுக்கிட்டே வாங்க," என்று ஆரம்பித்தவள், ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி நிறுத்தாமல் சொன்னாள். தொடை, குழாய், மயக்கம், ஓய்வு, மாத்திரை. பம்புக்காரர் அவளைக் கேட்கவே இல்லை. எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதிலேயே அவர் புத்தி நின்றுகொண்டிருந்தது. உப்புப் படிந்த பழைய குழாய் என்றால் சொரசொரப்பில் எதுவும் நிற்கும். வழவழப்பான குழாயில்?

"புரிஞ்சுதா அங்கிள்?"

அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"இந்த முறையிலயே பண்ணிக்க உங்களுக்குச் சம்மதம்தானே?"

இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். சந்தேகம் உண்டா என்று அவள் கேட்டபோதும் அதேதான்.

"சூப்பர் அங்கிள்," என்றாள் அந்தப் பெண். திரையில் இரண்டு தட்டு தட்டி, மகனிடம் நீட்டினாள். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் மகன் விரலால் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்த பிறகுதான் பம்புக்காரர் தன் கேள்விக்குச் சரியான சொல்லைக் கண்டுபிடித்தார். அப்போது கேட்பதற்கு மீன் தொட்டிதான் இருந்தது.

மூன்றாம் நாள் மகனின் போனுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. பூங்கொத்துப் படத்துக்குக் கீழே: 'உங்கள் இதயப் பயணத்துக்கு எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. வரும் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வரவும்.'

"பயணமா? எங்கடா போறேன் நான்?" என்றார் பம்புக்காரர்.

"வால்வு மாத்தத்தாம்ப்பா. நீங்கதான் சம்மதிச்சுட்டீங்களே."

வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகக் கேட்டார்கள். திரைச்சீலை, ஸ்கூட்டர், மெஷின் எல்லாம் போகட்டும். உயிரையுமா கேட்காமல் எடுத்துக்கொடுப்பீர்கள் என்று அவர் கத்தினார். கத்தி முடிக்க மூச்சு போதாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குத் தோதாகப் போயிற்று. "நான் அப்பவே சொன்னேன். ரெண்டு டாக்டரையும் ஒண்ணா உட்கார வச்சுக் கேட்கணும்னு," என்று போனை எடுத்தாள்.

மறுநாள் ஒரு நீள மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். குழாய் டாக்டர் வந்தார். கத்தி டாக்டரும் வந்தார். அது குட்டையான ஒரு அம்மா; ஐம்பது வயசிருக்கும். உதட்டில் சிரிப்புமில்லை, கையில் கம்ப்யூட்டருமில்லை. கைவிரல்கள் மட்டும் தடிதடியாக இருந்தன. வேலை செய்கிற கை என்று பம்புக்காரர் மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டார். சிரிக்காததற்கு இன்னொன்று.

"நீங்க சொல்லுங்க டாக்டர்," என்றார் குழாய் டாக்டர்.

"பேஷண்ட்டே உங்க முறைக்குச் சம்மதிச்சதா எழுதியிருக்கு. நீங்களே சொல்லுங்க டாக்டர்," என்றார் கத்தி டாக்டர்.

"இல்ல, உங்க அபிப்பிராயமும் முக்கியம் டாக்டர்."

"உங்களோடதும்தான் டாக்டர்."

சம்பந்திகள் முதல் பந்தியில் உட்காருவதற்கு இவ்வளவு உபசாரம் பண்ணிப் பம்புக்காரர் பார்த்ததில்லை. மேசையைத் தட்டினார். "நான் சம்மதிக்கவே இல்ல."

ஆலோசகர்ப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. "அங்கிள், நான் ஒவ்வொண்ணா கேட்டேனே. இதோ பாருங்க. புரிந்ததா, ஆம். சம்மதமா, ஆம். சந்தேகம் உண்டான்னு கேட்டதுக்கும் தலையாட்டினீங்க. ஆனா எதுவும் கேக்கலையேன்னு நானே 'இல்லை'ன்னு மாத்திட்டேன்."

"நான் தலையாட்டவே இல்லம்மா!"

"இப்பகூட ஆட்டறீங்களே அங்கிள்!"

"அவ சொல்றது நிஜம்தாங்க," என்றாள் மனைவி.

"எங்கிட்டயும் ஆட்டினீங்கப்பா," என்றான் மகன்.

பம்புக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெற்ற பிள்ளையும் கட்டினவளும் அன்னியப் பெண்ணோடு சேர்ந்துகொண்டார்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட தனிமையைச் சொல்லி முடியாது.

கத்தி டாக்டர் அதற்குள் பம்புக்காரரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து வந்து, "கொஞ்சம் எல்லாரும் வாயை மூடுங்க," என்று சொல்லி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை அவர் தலையிலிருந்து எடுக்காமல் எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." எண்ணிக்கைக்கு ஒன்றாக அவருடைய தலை மெல்ல முன்னால் வந்து போயிற்று.

"இவர் சரின்னு சொல்லல," என்றார் கத்தி டாக்டர். "வால்வு ரொம்ப ஒழுகினா நாடி குபுக்குன்னு எழும்பி, குபுக்குன்னு விழும். அந்த வேகம் கழுத்துல ஏறித் தலையையே ஆட்டும். நாங்க படிக்கறப்பவே பாடத்துல இருந்தது. நாடியைப் பார்த்தா, இவர் ஒரு நிமிஷத்துக்கு எண்பத்து நாலு தடவை சம்மதிக்கிறார்."

பம்புக்காரர் எதிரிலிருந்த அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள் ஒரு கிழவன், யார் என்ன சொன்னாலும் சரிதான், சரிதான் என்று பணிவாக ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாழ்நாளில் அவரை யாரும் இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை.

"அப்ப... திரைச்சீலை?" என்றாள் மனைவி, சின்னக் குரலில்.

"என்ன திரைச்சீலை?"

"பச்சைக்குத் தலையாட்டினாரு."

"அதுவும் ரத்தம்தாம்மா."

மகன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "ஸ்கூட்டரை அந்த இரும்புக்காரன் இன்னும் உடைச்சிருக்க மாட்டான்னு நினைக்கிறேன்," என்றான். யாரும் கேட்காமலே சொன்னான்.

ஆலோசகர்ப் பெண் திரையில் எதையோ தேடினாள். "மேடம், இதை எந்த இடத்துல போடறது?"

"எதுலயும் போடாதே. அழி," என்றார் கத்தி டாக்டர். பிறகு நாற்காலியை இழுத்துப் பம்புக்காரருக்கு எதிரே போட்டார். "இப்ப நீங்க கேளுங்க. யோசிச்சுக் கேளுங்க. நான் எங்கயும் போகல."

பம்புக்காரர் யோசித்தார். தலை அதன்பாட்டுக்கு ஆடியது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆனது. பிறகு கேட்டார்: "அந்தக் கம்பி வலை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

இரண்டு டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்க வேண்டிய கேள்வி அதுதான்," என்றார் குழாய் டாக்டர். நல்ல மனுஷன், அவரும் இப்போது சிரிக்கவில்லை. "உங்க மச்சினருக்கு வால்வு சுருங்கிப்போய் சுண்ணாம்பு கட்டியிருந்துச்சு. கல்லு மாதிரி. புதுசு அதுல கவ்விக்கிட்டு நின்னுடுச்சு. உங்களுக்குச் சுண்ணாம்பே இல்ல. வால்வு மெத்துன்னு இருக்கு, வாசலும் விரிஞ்சு கிடக்கு. சாதாரண மாடலை வச்சா வழுக்கிக்கிட்டு இறங்கலாம். இல்ல, ஓரத்துல ஒழுகலாம். நான் காட்டினது பழைய இதழையே கிளிப் மாதிரிக் கவ்விக்கற மாதிரி செஞ்சது."

"ஒழுகுற பழசையே பிடிச்சுக்கிட்டா?"

"ஆமா. நல்லாவே பிடிக்குது. ஆனா அதைப் போட்டு ரொம்ப வருஷம் ஆகல. பத்து வருஷத்துல எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது. நெஞ்சைத் திறந்தா தாங்க மாட்டாங்கங்கற ஆளுக்கு அது பெரிய வரம். நீங்க தாங்குவீங்களான்னு இவங்கதான் சொல்லணும்."

"தாங்குவார்," என்றார் கத்தி டாக்டர். "சிறுநீரகம், நுரையீரல் ரெண்டும் நல்லா இருக்கு. திறந்தா பழசை வெட்டி எடுத்துட்டு, புதுசைச் சுத்தி நூல் போட்டுத் தைச்சுடுவேன். சுண்ணாம்பு தேவையில்ல. ரெண்டு மாசம் கஷ்டம்தான். உங்க மச்சினர் சொன்னது பொய்யில்ல."

"புதுசு மெட்டலா, என்னது?"

"மெட்டல் போட்டா தேயாது. ஆனா சாகற வரைக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மாட்டுத் திசுவுல செஞ்சது போட்டா அந்தத் தொல்லை இல்ல. பத்து, பதினஞ்சு வருஷத்துல தேயும். உங்க வயசுக்கு நான் அதைத்தான் போடுவேன்."

"தேஞ்சா? திரும்பத் திறப்பீங்களா?"

கத்தி டாக்டர் குழாய் டாக்டரைக் காட்டினார். "அப்ப அநேகமா இவர் தொடை வழியா வந்து, நான் தைச்சதுக்குள்ளயே இவரோடதை வைப்பார். நான் போட்ட வளையத்துல நல்லாக் கவ்விக்கும்."

பம்புக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் வேலை இருக்குன்னு சொல்லுங்க."

மகள் பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் அடக்கினாள்.

"கடைசியா ஒண்ணு. நூறு பேரைத் திறந்தா எத்தனை பேர் எந்திரிக்கறதில்ல?"

"என்னங்க பேச்சு இது!" என்றாள் மனைவி.

"உங்களை மாதிரி ஆளுங்கன்னா என் கையில ரெண்டு பேர்," என்றார் கத்தி டாக்டர். கண்ணைத் தாழ்த்தவில்லை, கவலைப்படாதீங்க என்றும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இன்றுதான் வந்தது. எழுந்திருக்காத அந்த இரண்டு பேரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கேள்வியைத்தானே கேட்டிருப்பார்கள்? பம்புக்காரர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனைவி தன் கையை அதன்மேல் வைத்தாள். எப்போதும் தட்டிவிடுகிறவர், இன்று தட்டிவிடவில்லை.

"திறங்க," என்றார். "கண்ணால பார்த்துப் பிடிச்சு முறுக்காத வேலையை நான் செஞ்சதில்ல. எனக்கும் அப்படிச் செய்யக் கூடாது."

"அப்பா!" என்றான் மகன்.

"நீ வாயைத் திறக்காதே. நீ சாட்சிக் கையெழுத்துப் போட்ட லட்சணம் எனக்குத் தெரியும்."

"அப்ப திங்கட்கிழமை காலை ஏழு மணி, வெறும் வயிறு," என்று கத்தி டாக்டர் எழுந்தார். குழாய் டாக்டரும் எழுந்து, போகிற போக்கில் பம்புக்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஆலோசகர்ப் பெண் புதுப் படிவம் ஒன்றை, இந்த முறை காகிதத்தில், கொண்டுவந்து வைத்தாள். பட்டபாட்டில் 'அங்கிள்' ஐயாவாகியிருந்தது. "ஐயா, நீங்களே படிச்சுப் பார்த்து, நீங்களே போடுங்க."

பம்புக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பெண் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். 'எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது.' சரி. 'அறுவைச் சிகிச்சைக்கு முழு மனதுடனும் முழு நம்பிக்கையுடனும் சம்மதிக்கிறேன்.' அங்கே அவர் விரல் நின்றது.

"இதுல ரெண்டு விஷயம் இருக்கும்மா. சம்மதம் வேற. நம்பிக்கை வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் ஐயா."

"எப்படி ஒண்ணாகும்? வேலை நடக்கறப்ப நான் மயக்கத்துல கிடப்பேன். அந்தம்மா எத்தனை தையல் போட்டாங்க, இழுத்துப் பார்த்தாங்களா, ஒழுகுதான்னு சரிபார்த்துட்டுத்தான் மூடினாங்களா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி நம்பறது? வேற வழியில்ல, அதனால சம்மதிக்கிறேன். அவ்வளவுதான்."

பேனாவை எடுத்து, 'முழு நம்பிக்கையுடனும்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். மேலே கோணல்மாணலாக, 'நம்பிக்கை இல்லாமல்' என்று எழுதினார். கீழே கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

"ஐயோ, இப்படி எழுதினா கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க ஐயா! இதுக்குக் கட்டமே இல்லையே!"

"கட்டம் போடு."

"நான் எப்படிப் போடறது? சிஸ்டம்ல ஆம், இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு."

"அப்ப அது உன் சிஸ்டத்தோட பழுது. திறந்து பார்க்கச் சொல்லு."

எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். "ஐயா, ஒரே ஒரு கையெழுத்து, வேற தாள்ல, அடிக்காம..." என்று அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். அதற்குப் பின்னால் மகன், "அப்பா, சும்மா போட்டுட்டு வாங்களேம்ப்பா." அதற்கும் பின்னால் மனைவி, "மெதுவாப் போங்க, மூச்சு வாங்கும்." பம்புக்காரர் நிற்கவில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வருகிறேன், கதவு திறந்திருந்தால் சரி என்று திரும்பாமலே சொன்னார். இரண்டு அடிக்கு ஒரு தரம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, அந்த நீளத் தாழ்வாரத்தில் தன்பாட்டுக்கு நடந்து போனார். நூலை இழுத்துப் பார்ப்பார்களா, மாட்டார்களா என்பது அவருக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருந்தது.